10 நாளில் 10 மாரத்தான், அறக்கட்டளைக்கு நிதி: 19 வயதில் இறங்கலாமா?

தொலைவுக்காரன் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஓட்டக் குழுவைச் சேர்ந்த 19 வயதுப் பெண் ஒருவர், குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றுக்காக 10 நாளில் 10 மாரத்தான் ஓட விரும்புகிறார். போட்டிகள் அல்ல, நாங்களே அமைக்கும் சாலைப் பாதை. தினமும் 42.195 கி.மீ.

எடை 54 கிலோ. மூன்று வருடமாக ஓடுகிறார். முழு மாரத்தான் ஒன்றே ஒன்று, 4 மணி 5 நிமிடம். இப்போது வாரம் 50 கி.மீ., அதில் நீண்ட ஓட்டம் 24 கி.மீ. கையில் 22 வாரம் இருக்கிறது.

தெரிய வேண்டியவை: பயிற்சியை எப்படி ஏற்றுவது, எந்த வேகத்தில் ஓடுவது, சாப்பாட்டுக் கணக்கு, எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது. பணம் விஷயத்தில், "ஒவ்வொரு மாரத்தான் முடிந்ததும் இவ்வளவு" என்று நன்கொடையாளர்களிடம் உறுதி வாங்கலாம் என்பது குழுவின் யோசனை. சரிவருமா?

மனவலிமை பற்றிய அறிவுரை வேண்டாம். அது அவரிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

---

மெதுநடை

ஓடலாம். ஆனால் "10 நாளில் 10" என்பதை "12 நாளில் 10" என்று இன்றே மாற்றுங்கள், சுவரொட்டி அச்சுக்குப் போவதற்கு முன்பே. இரண்டு ஓய்வு நாளுக்கும் தேதி குறிக்காதீர்கள், தேவைப்படும் அன்று எடுத்துக்கொள்ளட்டும். நகைச்சுவைக் கலைஞர் எடி இசார்ட் 2009-இல் நிதி திரட்ட 43 மாரத்தான் ஓடியது 51 நாளில், அதாவது இடையில் 8 நாள் மிச்சம். அவரே 2016-இல் தென்னாப்பிரிக்காவில் 27 நாளில் 27 என்று அறிவித்தபோது கணக்கில் மிச்ச நாளே இல்லை. ஒரு நாள் மருத்துவமனையில் கழிய, கடைசி நாளில் இரண்டு மாரத்தான் தூரத்தை ஓடித்தான் அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே சோர்ந்த உடம்பின் மேல் 84 கி.மீ.யைச் சுமத்தும் திட்டம் யாருக்கும் வேண்டாம்.

வேகம். 4:05 என்றால் கி.மீ.க்கு 5:48. அந்த வேகத்தை மறந்துவிடுங்கள். 12 நிமிடம் ஓட்டம் (கி.மீ.க்கு 7:00), 3 நிமிடம் நடை (மணிக்கு 6 கி.மீ.), மறுபடி 12, மறுபடி 3. முதல் நிமிடத்திலிருந்தே இப்படி. களைத்த பிறகு நடப்பதில் பயன் குறைவு. இந்தக் கணக்கில் சராசரி 7:27 வரும், முழுத் தூரம் 5 மணி 15 நிமிடத்துக்கு ஒட்டி முடியும். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் அன்றைய வேகம் அதிகம். முதல் நாள் உற்சாகத்தில் 4:30-க்கு முடித்துவிட்டு மூன்றாம் நாள் படி இறங்க முடியாமல் நிற்பதுதான் இந்த மாதிரி முயற்சிகளில் அதிகம் நடக்கும் தவறு. தசை இழைச் சேதத்தின் வலி 24 முதல் 48 மணி நேரத்தில்தான் உச்சம் தொடும். அதனால் 2, 3, 4-ஆம் நாட்கள்தான் மோசமானவை. அவற்றைத் தாண்டினால் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்துவிடும்.

பயிற்சி 22 வாரம்:

1–6: வாரம் 50-இலிருந்து 65 கி.மீ. வரை, ஐந்து நாள் ஓட்டம். நீண்ட ஓட்டம் 30 கி.மீ. வரை.

7–14: வார இறுதி இரட்டை ஓட்டம். சனி 24, ஞாயிறு 18 என்று தொடங்கி 30, 26 வரை. வாரம் 75–85.

15-ஆம், 18-ஆம் வாரங்களில் மட்டும் மும்மைத் தொகுப்பு: அடுத்தடுத்த மூன்று நாளில் 28, 28, 24. அந்த இரு வாரமும் 100-ஐத் தொடலாம், அதற்கு மேல் தேவையில்லை. இடைப்பட்ட இரண்டு வாரமும் 70-க்குள்.

19–22: 75, 65, 45, 25 என்று இறக்கம்.

14-ஆம் வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். வாரக் கூட்டுத்தொகையை 10 சதவீதம்தான் ஏற்ற வேண்டும் என்ற விதியைப் பிடித்துத் தொங்குவதைவிட, எந்த ஒரு தனி ஓட்டமும் முந்தைய ஒரு மாதத்தின் மிக நீண்ட ஓட்டத்தைவிட ரொம்பத் தாவிவிடாமல் பார்ப்பது முக்கியம் என்பது என் கருத்து. பயிற்சியில் 42 கி.மீ. ஓடவே வேண்டாம். அதனால் கிடைப்பது நம்பிக்கை மட்டும், கொடுப்பது பத்து நாள் மீட்சி.

வாரம் ஒரு ஓட்டத்தில் 15–20 நிமிடம் மென்மையான இறக்கப் பாதை சேருங்கள். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டபடியே சுமை தாங்கும். ஒருமுறை அப்படிச் சேதப்பட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சேதத்துக்கு எளிதில் இடம்கொடுக்காது. கூடவே ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தல், வாரம் இருமுறை. ஒவ்வொரு காலிலும் நிற்காமல் 25 வராத கெண்டைக்கால் பத்து மாரத்தானுக்குத் தயாராகவில்லை.

பாதை: 5.28 கி.மீ. சுற்று, எட்டு முறை. தண்ணீர், கழிவறை, வண்டி எல்லாம் ஒரே இடத்தில். கூட ஓட வருபவர்களும் ஒரு சுற்றோடு நின்றுகொள்ளலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். சாலையின் ஓரச் சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளும், எனவே ஒரு நாள் வலஞ்சுழி, மறுநாள் இடஞ்சுழி. அடுத்தது, ஜி.பி.எஸ். கடிகாரம் வளைவுகளில் தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதிகாரபூர்வப் பந்தயப் பாதைகளை அளவு சரிபார்த்த மிதிவண்டியால் அளந்து, குறைந்துவிடக் கூடாது என்று 1000-க்கு 1 வீதம், அதாவது 42 மீட்டர், கூட்டியே போடுவார்கள். நீங்கள் கடிகாரத்தில் 42.5 காட்டும்வரை ஓடுங்கள். பணம் கொடுத்தவர் "முழு தூரமா?" என்று கேட்க இடமிருக்கக் கூடாது.

---

உப்புச்சர்க்கரை

சாப்பாட்டுக் கணக்கை நான் சொல்றேன். பயிற்சி நல்லா இருந்தும் 6-ஆம் நாள் படுத்துக்கறவங்க பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தோத்திருப்பாங்க.

ஓட்டத்துக்கு ஆகும் செலவு தோராயமா ஒரு கிலோ எடைக்கு, ஒரு கி.மீ.க்கு 1 கிலோகலோரி. 54 × 42.2 = கிட்டத்தட்ட 2280. மீதி நாளுக்கு 1800 வெச்சா மொத்தம் 4100 பக்கம். இவ்வளவையும் ஓட்டம் முடிஞ்ச பிறகு சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, வயிறு ஒத்துக்காது. மாவுச்சத்து 540–600 கிராம் (கிலோவுக்கு 10–11), புரதம் 95–100 கிராம், மீதி கொழுப்பு. இதுல 315 கிராம் மாவுச்சத்து ஓடும்போதே உள்ள போகணும்: மணிக்கு 60 கிராம், ஐந்தேகால் மணி நேரம். அதாவது அன்றைய மாவுச்சத்தில் பாதிக்கு மேல சாலையிலேயே முடிஞ்சிடும்.

வீட்டுப் பானம்: 1 லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு (1.5 கிராம், சோடியம் சுமார் 590 மி.கி.), கொஞ்சம் எலுமிச்சை. சாதாரண சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பாதிக்குப் பாதி. குடல் இரண்டையும் வேற வேற வழியா உறிஞ்சும், அதனால தேங்காது. வெறும் குளுக்கோஸ் மட்டும்னா மணிக்கு 60 கிராமுக்கு மேல குடல் எடுத்துக்காது, மிச்சம் வயிற்றுப்போக்கா வரும்.

60 கிராமை முதல் நாளே ஊத்தாதீங்க. பயிற்சியில் மணிக்கு 30-ல ஆரம்பிச்சு, இரண்டு வாரத்துக்கு 10 வீதம் ஏத்துங்க. குடலும் பழகணும். நாலாம் நாளுக்கு மேல இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அதுக்காக உப்பு போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பு ரொட்டின்னு காரசாரமில்லாத மாற்று இரண்டு மூணு பழக்கி வைங்க.

முடிச்சதும் முதல் நாலு மணி நேரம் மணிக்கு 54 கிராம் மாவுச்சத்து. புரதத்தை 25 கிராமா நாலு வேளைக்குப் பிரிச்சுக்குங்க. பசிக்கலைன்னா திரவமா கொடுங்க. பசி வரட்டும்னு காத்திருந்தா மறுநாள் 25-ஆவது கி.மீ.ல தெரியும்.

தண்ணீர்: பயிற்சியில ஓடுறதுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ வரைக்கும் குறைஞ்சா கவலையில்லை. எடை கூடியிருந்தா ஆபத்து. நிறையக் குடிச்சா நல்லதுன்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேர் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதுக்கும் கீழ. ஓட்டத்தில் எடை கூடினதோடதான் அதுக்கு வலுவான தொடர்பு. மெதுவா ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலயும் குடிக்கிறவங்களுக்குத்தான் இது வரும். உங்க ஓட்டக்காரர் ஐந்தேகால் மணி நேரம் ஓடப் போறவர், ஞாபகம் வெச்சுக்குங்க. தாகத்துக்குக் குடிச்சாப் போதும். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பமான பேச்சு இதெல்லாம் சேர்ந்து வந்தா வெறும் தண்ணீர் கொடுக்காம நேரா மருத்துவமனை.

---

தொலைவுக்காரன்

மிக்க நன்றி. 12 நாள் யோசனையை அவரிடம் சொன்னேன், முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. வலி நிவாரண மாத்திரை பற்றிக் கேட்கிறார். இரவு போட்டுக்கொண்டு காலை ஓடலாமா?

---

கணுக்கால்

இபுப்ரொஃபென் வகை மாத்திரை இந்த 12 நாளும் வேண்டாம். ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும், உடைந்த தசையின் கழிவும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் இந்த மாத்திரை சிறுநீரகத்தின் தற்காப்பையும் தடுத்துவிடும். இரவு போட்டது காலைக்குள் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். பாரசிட்டமால் சிறுநீரகத்துக்கு அந்த அளவு தொல்லை தராது. ஆனால் அதுவும் நீங்கள் கேட்க வேண்டிய வலியை மறைக்கும். மருத்துவர் சொல்லாமல் எதுவும் வேண்டாம்.

இனி எந்த வலி எது என்பது.

தசை வலி பரவலாக இருக்கும், இரண்டு காலிலும் இருக்கும், முதல் மூன்று நான்கு கி.மீ.யில் இளகும். அதோடு ஓடலாம்.

எலும்பு வலி ஒரே இடத்தில், ஒரு விரலால் சுட்டிக்காட்டும்படி இருக்கும். ஓட ஓடக் கூடும். இரவில் படுத்திருக்கும்போதும் துடிக்கும். அந்தக் காலில் மட்டும் குதித்தால் சுரீர் என்னும். அதோடு ஓடவே கூடாது. மயிரிழை முறிவின் தொடக்கம் இதுதான். மூன்று இடங்கள் குறிப்பாக மோசம்: இடுப்பு மடிப்பில் வலி (தொடை எலும்பின் கழுத்து), கணைக்கால் எலும்பின் முன் விளிம்பில் நடுப்பகுதி, பாதத்தின் மேற்புறம் நடுவில் உள்ள படகெலும்பு. இவை முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். இடுப்பு மடிப்பு வலி என்றால் சுற்றை முடிக்கக்கூட விடாதீர்கள், அங்கேயே வண்டியில் ஏற்றுங்கள். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே சுத்தம்" என்று சொல்லி மறுநாள் ஓடவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

19 வயது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதயமும் நுரையீரலும் சில மாதத்தில் பழகிவிடும், எலும்பு அதைவிட மெதுவாகத்தான் உறுதிப்படும். இந்த வயதில் எலும்பு அடர்த்தி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. போதாத சாப்பாட்டோடு பயிற்சி ஏறினால் முதலில் நிற்பது மாதவிடாய், அடுத்தது எலும்பின் வளர்ச்சி. பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கினாலே பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். "ஓடுறவங்களுக்கு அப்படித்தான்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

22 வாரம் தொடங்கும் முன்பே பரிசோதனை: ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி. ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீர் மரணம் உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்தைச் சோதிக்காமல் மாத்திரை விழுங்க வேண்டாம்.

ஓட்ட நாட்களில் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அல்லது தொடை கல்லாக இறுகி வலி அளவுக்கு மீறினால், அன்றே ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ வந்தால் ஓட்டம் கிடையாது, இதயத் தசை அழற்சி விளையாட்டில்லை. வெயிலில் தடுமாறி, பொருத்தமில்லாமல் பேசினால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி: பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை. தொட்டி இல்லாவிட்டால் பனிநீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். இதற்கான பொருள் தினமும் சுற்றின் தொடக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

---

ஈரக்காலுறை

பாதம் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக. மூன்று ஜோடி ஷூ, குறைந்தது இரண்டு வெவ்வேறு மாடல், ஒவ்வொன்றிலும் முன்பே 60–80 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். ஒரு ஜோடி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், நாலாம் நாளுக்கு மேல் பாதம் வீங்கும். 7:30 வேகத்துக்குக் கார்பன் தகடு ஷூவால் லாபமில்லை. 21-ஆவது கி.மீ.யில் காலுறை மாற்றம், ஈரமோ இல்லையோ. சுடுவதுபோல் தோன்றும் இடத்தில் உடனே நின்று டேப் ஒட்டுங்கள். "இந்தச் சுற்று முடியட்டும்" என்றால் கொப்புளம். கொப்புளத்துக்காக நடை மாறினால் வலி முட்டிக்கு ஏறும். நகங்களை ஐந்து நாள் முன்பே வெட்டிவிடுங்கள், முந்தைய இரவு அல்ல.

---

கணக்குப்பிள்ளை

நிதி விஷயம். "ஒரு மாரத்தானுக்கு இவ்வளவு" என்ற உறுதிமொழியை விட்டுவிடுங்கள். மேலே கணுக்கால் எழுதியதைப் படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள்: ஏழாம் நாள் காலை கணைக்காலில் விரல் வைக்கும் இடத்தில் வலி. மீதி நான்கு ஓட்டத்தில் குழந்தைகளின் சிகிச்சைப் பணம் இருக்கிறது என்று தெரிந்த 19 வயதுக்காரர் அந்த வலியைச் சொல்வாரா? மறைப்பார். நன்கொடை முழுத்தொகையாக, ஓட்டத்தின் முடிவோடு முடிச்சுப் போடாததாக இருக்க வேண்டும். இணைய நன்கொடைப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்: "எத்தனை ஓட்டம் முடிந்தாலும் உங்கள் தொகை முழுவதும் அறக்கட்டளைக்கே சேரும். மருத்துவக் காரணத்துக்காக எந்த நாளும் நிறுத்தப்படலாம்."

நிறுத்தினால் பணம் வராது என்ற பயம் தேவையில்லை. புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12-இல் ஒரு செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரமாக 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-இல் தண்டர் பே அருகே நிறுத்தினார். நாட்டைக் கடக்கவில்லை. ஆனாலும் 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி கனடா டாலருக்கு மேல் சேர்ந்தது, அவர் கேட்ட "ஒரு கனடியருக்கு ஒரு டாலர்" கணக்கு. தங்கள் பொருளை விளம்பரப்படுத்தச் சொன்ன நிறுவனங்களின் பணத்தை அவர் மறுத்தார் என்பதையும் உங்கள் ஆதரவாளர் பட்டியல் போடும்போது நினைவில் வையுங்கள்.

நடைமுறை:

அறக்கட்டளையிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகே பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துங்கள். பதிவு எண்ணை நீங்களே பதிவேட்டில் சரிபாருங்கள்.

பணம் நேராக அறக்கட்டளையின் கணக்குக்குப் போக வேண்டும். ஓட்டக்காரர், குடும்பத்தார், குழு யாருடைய தனிக்கணக்கும் வழியில் வரக் கூடாது, ஒரு நாளுக்குக்கூட. பின்னால் எழும் சந்தேகங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

செலவு (ஷூ, உணவு, வண்டி, மருத்துவம், காப்பீடு) தனிப் பட்டியல், தனி நிதி. நன்கொடையிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை என்றால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள். இணையத் தளம் பிடிக்கும் கட்டணத்தையும் வெளிப்படையாகப் போடுங்கள்.

உண்டியல் என்றால் முத்திரை வைத்தது. எண்ணுவது எப்போதும் இருவர், தொகையை எழுதி இருவரும் கையெழுத்து, அடுத்த வேலைநாளில் வங்கி.

பொது அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே நெருங்கிய பத்துப் பேரிடம் கேட்டு முதல் நன்கொடைகளைப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். பிறகு வருபவர்கள் முன்னால் இருக்கும் தொகையைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்வார்கள். காலியான பக்கத்தில் கொடுக்க யாருக்கும் கை வராது. ஓட்டம் முடிந்ததும் பக்கத்தை மூடாமல் ஆறு வாரமாவது திறந்து வையுங்கள்.

இன்னொன்று, இதை நிதி திரட்டுபவர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்: பிற்பகலில் பள்ளி, அலுவலகம், பேட்டி என்று அழைத்துப்போகாதீர்கள். அந்த நேரம் அவர் உறங்க வேண்டிய நேரம். காலை 6 மணிக்குத் தொடங்கி 11:15-க்கு முடித்தால், முதல் சுற்றுக்கு முன் பத்து நிமிடம் பேட்டிக்குப் போதும். நன்றிக் கடிதங்களை வேறு யாராவது எழுதட்டும்.

இந்தத் திரியைப் படிக்கும் இன்னும் இளையவர்களுக்கு: லண்டன், பாஸ்டன், நியூயார்க் மாரத்தான்களில் 18 வயது நிரம்பாமல் இடமில்லை. அறக்கட்டளை வழி கிடைக்கும் இடத்துக்குக் குறைந்தபட்ச நிதி இலக்கு உண்டு. எட்டாவிட்டால் மீதியைக் கட்டுவது யார், காயம் பட்டால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

---

தொலைவுக்காரன்

12 நாள், முழுத்தொகை நன்கொடை, இரண்டும் முடிவாகிவிட்டன. கடைசியாக ஒன்று: நிறுத்தச் சொல்வது யார்? அவர் அம்மாவா, நானா?

---

கணுக்கால்

இருவரும் வேண்டாம். அம்மாவுக்குப் பாசம், உங்களுக்கு நிகழ்ச்சி. பணத்தோடும் அறிவிப்போடும் தொடர்பில்லாத ஒரு இயன்முறை மருத்துவரோ விளையாட்டு மருத்துவரோ தினமும் காலை 5:30-க்குப் பார்க்கட்டும். இரண்டு காலிலும் தனித்தனியாக 10 குதிப்பு, முந்தைய நாளோடு எடை ஒப்பீடு, எழுந்ததும் எடுத்த நாடித்துடிப்பு, சிறுநீரின் நிறம், தூங்கிய மணிநேரம். நாடித்துடிப்பு அவருடைய வழக்கத்தைவிட 10 கூடுதலாக இருந்து தூக்கமும் கெட்டிருந்தால் தேதி குறிக்காத இரண்டு ஓய்வு நாளில் ஒன்றை அன்று எடுங்கள். குதிப்பில் ஒரே இடத்தில் வலி என்றால் அன்று ஓட்டம் இல்லை, எம்.ஆர்.ஐ. முடிவு வரும்வரை மறுநாளும் இல்லை. இதை ஒரு தாளில் எழுதி, ஓடுபவரும் அந்த மருத்துவரும் முதல் நாளுக்கு முன்பே கையெழுத்திட்டு, ஒரு நகலை வண்டியில் வைத்துவிடுங்கள். அன்றைய ஓட்டம் பற்றிய பதிவு சமூக ஊடகத்தில் ஏறுவது இந்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான்.